செய்யவும் வேண்டும், சொல்லவும் வேண்டும்
இளைஞர் தொழிற்பாடம்: இணையப் பக்கம் அமைக்கும் வேலை



"கம்பியூட்டர் படிச்சா என்னங்க வேலை கெடைக்கும்? ஆபீஸ்ல டைப் அடிக்கிறதா?"

இந்தக் கேள்வியை நாம் போகும் தோட்டங்களில் எல்லாம் கேட்கிறோம். கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார். பிள்ளை சாதாரண தரமோ உயர் தரமோ எழுதிவிட்டு வீட்டில் இருக்கும். கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்புவதா, மேலே படிக்க வைப்பதா என்று யோசனை ஓடும். அந்த நேரம் பார்த்து யாராவது வந்து, "நல்ல கோர்ஸ் ஒன்னு இருக்கு, இத்தனை ஆயிரம் கட்டுங்க" என்பார். கட்டலாமா வேண்டாமா என்று சொல்ல வீட்டில் விஷயம் தெரிந்தவர் இருக்கமாட்டார்.

ஆகவே இம்முறை கணனித் துறையில் ஒரேயொரு தொழிலை எடுத்துக்கொண்டு ஆறுதலாகப் பார்ப்போம். அதற்குப் 'பிரண்ட் எண்ட் டெவலப்பர்' என்று பெயர். தமிழில் இணையப் பக்கத்தின் முன்பக்கத்தை அமைப்பவர் என்று சொல்லலாம். இந்தப் பாடத்தை நாமும் புதிதாகத்தான் படித்தோம். படித்த இடம் கல்குடா.

கல்குடாவுக்கு ஏன் போனோம்?

பேராதனையில் தொடங்கும் ஏ-5 வீதி நுவரெலியா, பதுளை வழியாக இறங்கி, செங்கலடியில் போய் முடிகிறது. நம்மில் பலர் தினமும் பஸ் ஏறும் வீதி அது. செங்கலடியில் இருந்து வடக்கே போனால் வாழைச்சேனை வரும். அதை ஒட்டியதுதான் கல்குடா. பக்கத்தில் பாசிக்குடா. யுத்தமும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமியும் சிதைத்துப் போட்ட கடற்கரைகள் இவை. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு இங்கே ஹோட்டல்கள் மறுபடி எழும்பின. நம் பிள்ளைகள் சிலரும் அறை துப்புரவு செய்யவும் பரிமாறவும் அங்கே போயிருக்கிறார்கள்.

நாம் பதினான்கு தோட்டப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஐந்து நாள் பயிற்சிக்காக அங்கே போனோம். தங்கியது சிறிய விருந்தினர் விடுதி ஒன்றில். அந்த விடுதிக்கு ஓர் இணையப் பக்கம் அமைப்பதுதான் பயிற்சி. கடைசி இரண்டு நாளும் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று, தான் செய்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டும் என்று பயிற்றுநர் சொல்லிவிட்டார். பக்கம் அமைக்கப் பயப்படாத பிள்ளைகள், பேசவேண்டும் என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பாடம் 1: முன்பக்கம் எது, பின்பக்கம் எது?

விடுதியின் சாப்பாட்டு மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி காண்பது மேசை, கதிரை, விலைப்பட்டியல், வந்து விசாரிக்கும் ஆள். சமையலறையையும் அரிசி மூட்டையையும் கணக்குப் புத்தகத்தையும் அவர் காண்பதில்லை. இரண்டும் இருந்தால்தான் சாப்பாடு வரும்.

இணையத்தளமும் அப்படித்தான். கைப்பேசியில் நம் கண்ணுக்குத் தெரிவதும், விரலால் தொடுவதும் முன்பக்கம். யார் எந்த அறையைப் பதிவு செய்தார், எவ்வளவு பணம் கட்டினார் என்று சேமித்து வைத்திருப்பது பின்பக்கம். முன்பக்கத்தைக் கவனிப்பவர்தான் நாம் பேசும் டெவலப்பர்.

அவருக்கு மூன்று கருவிகள் அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது எச்.டி.எம்.எல். இது தலைப்பு, இது பந்தி, இது படம், இது விலை என்று கணனிக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பது.

இரண்டாவது சி.எஸ்.எஸ். எழுத்து எவ்வளவு பெரிது, என்ன நிறம், படம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஒழுங்கு செய்வது.

மூன்றாவது ஜாவாஸ்கிரிப்ட். திகதியைத் தொட்டதும் "அன்று அறை இல்லை" என்று பக்கம் பதில் சொல்கிறதே, அந்த அசைவெல்லாம் இதன் வேலை.

இம்மூன்றையும் எழுத விலை கொடுத்து எந்த மென்பொருளும் வாங்கத் தேவையில்லை. இணையப் பக்கங்கள் இயங்கும் உலகளாவிய வலையை ஆக்கியவர் டிம் பேர்னர்ஸ் லீ. சுவிற்சர்லாந்தில் ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள சேர்ன் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது 1989 இல் அவர் இந்த யோசனையை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 ஆம் திகதி அந்த நிலையம் அதை எவரும் காசு கட்டாமல் பாவிக்கலாம் என்று உலகத்துக்கு விட்டுக்கொடுத்தது. லயத்துப் பிள்ளையும் இன்று இத்தொழிலைத் தொடங்க முடிகிறதென்றால் அந்த முடிவும் ஒரு காரணம்.

பாடம் 2: ஒரு பிள்ளை பேசிய கதை

நான்காம் நாள் மாலை பேச்சு தொடங்கியது. நம்முடன் வந்த ஒரு மகள், கொழுந்து எடுக்கும் தாயின் பிள்ளை. பக்கத்தை எல்லோரையும் விட அழகாகச் செய்திருந்தாள். வெள்ளைப் பின்னணி, மெல்லிய சாம்பல் நிற எழுத்து, கடலின் பெரிய படம் ஒன்று. ஆனால் முறை வந்ததும் எழும்பவே இல்லை. "எனக்குப் பேச வராது சார், படத்த மட்டும் காட்டுறேன்" என்றாள்.

அங்கே நம்மீதும் பிழை இருந்தது. எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினால் நல்லது என்று முதலில் சொல்லியிருந்தோம். வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் முதல் நாளே இரண்டு பயத்தை ஒன்றாகத் தலையில் ஏற்றிவிட்டோம். அதை உணர்ந்து, "தமிழிலேயே சொல்லம்மா, வீட்டில் பேசுவது போலவே சொல்லு" என்றோம். விடுதியில் சமைக்கும் அம்மாவையும் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தினோம்.

பிள்ளை மெல்ல எழும்பினாள். இரண்டு நிமிடம் தரையைப் பார்த்தே பேசினாள். பிறகு சமையல் அம்மா தன் கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "மகள், என்ட போன்ல எழுத்து ஒண்டும் வாசிக்க ஏலாம இரிக்கே. படமும் இன்னும் வரல்ல" என்றார். திரை வெடித்த பழைய போன் அது. வெயிலில் சாம்பல் எழுத்து தெரியவில்லை. நான்கு மெகாபைட் படம், பலவீனமான சிக்னலில் இறங்கி முடியவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிள்ளை அழுதுவிடுவாளோ என்று பயந்தோம். அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா சொல்றது சரிதான். என்னோட அம்மா போனும் இப்படித்தான்" என்றாள்.

அன்றிரவு அவள் மூன்று வேலை செய்தாள். எழுத்தைக் கறுப்பாக்கினாள். படத்தை இருநூறு கிலோபைட்டுக்குச் சுருக்கினாள். படம் வராவிட்டாலும் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும்படி, படத்துக்குப் பதிலாக வாசிக்கக்கூடிய ஒரு வரியை எழுதிவைத்தாள். அந்த வரி கண் தெரியாதவர்களுக்கும் உதவும். அவர்களுடைய கைப்பேசி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டும். மறுநாள் காலையில் அதே பழைய போனில் பக்கம் உடனே திறந்தது. அப்போது அவள் முழுப் பத்து நிமிடமும் பேசினாள், நிமிர்ந்து நின்று.

பேசியிருக்காவிட்டால் அந்தப் பக்கம் அழகாகவும் பயனில்லாமலும் இருந்திருக்கும். இத்தொழிலின் பாதி செய்வது, மறுபாதி செய்ததை எடுத்துச் சொல்லிப் பிறர் சொல்வதைக் கேட்பது. கல்குடாவில் நாம் படித்த பாடம் இதுதான்.

பாடம் 3: மாநாடுகளில் வளர்ந்த தொழில்

இத்துறையில் உள்ளவர்கள் வருடா வருடம் மாநாடுகளில் கூடுகிறார்கள். ஒருவர் மேடை ஏறி, "எனக்கு இந்தச் சிக்கல் வந்தது, இப்படித் தீர்த்தேன்" என்று சொல்வார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். சங்கக் கூட்டத்தில் எழும்பிப் பேசுகிறோமே, ஏறக்குறைய அது போலத்தான். இத்தொழிலின் பெரிய மாற்றங்கள் சில இப்படியான மேடைகளில்தான் முதலில் சொல்லப்பட்டன.

1991 டிசம்பரில் அமெரிக்காவின் சான் அன்ரோனியோ நகரில் ஒரு மாநாடு நடந்தது. டிம் பேர்னர்ஸ் லீ தன் உலகளாவிய வலையைப் பற்றி அதற்குக் கட்டுரை அனுப்பினார். கட்டுரையை மாநாடு ஏற்கவில்லை. செய்து காட்ட மட்டும் இடம் கிடைத்தது. அவரும் நண்பரும் கணனியோடு போய்ச் செய்து காட்டினார்கள். இன்று உலகமே பாவிக்கும் அந்த வலைக்கே முதலில் "வேண்டாம்" என்ற பதில்தான் வந்தது. நம் பிள்ளைக்கு ஒரு நேர்முகத்தில் அப்படிப் பதில் வந்தால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

சி.எஸ்.எஸ். யோசனையை 1994 இல் ஹோகன் வியூம் லீ என்ற நோர்வேக்காரர் முன்வைத்து, அவ்வருடமே சிக்காகோ மாநாட்டில் விளக்கினார். 2010 இல் ஈதன் மார்கொட் என்பவர் அமெரிக்காவின் சியாற்றில் மாநாட்டில் ஓர் யோசனை சொன்னார். பெரிய திரைக்கு ஒரு பக்கம், சிறிய திரைக்கு இன்னொரு பக்கம் என்று செய்யாமல், திரைக்குத் தக்கபடி விரிந்து சுருங்கும் ஒரே பக்கமாகச் செய்யலாம் என்பது அது. பிறகு அதைக் கட்டுரையாகவும் எழுதினார். இன்று நம் கையிலுள்ள சிறிய போனில் பக்கங்கள் ஒழுங்காகத் தெரிவதற்கு அந்த யோசனை பெரிய காரணம்.

தமிழுக்கும் இப்படி மேடைகள் உண்டு. 1997 இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அந்தக் காலத்தில் ஒருவர் தமிழில் எழுதி அனுப்பினால், அதே எழுத்துரு இல்லாத கணனியில் கட்டமும் கோடுமாகத் தெரியும். அந்தச் சிக்கலைப் பல நாட்டுத் தமிழர் கூடிப் பேசினார்கள். 1999 இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது. பேசிப் பேசித்தான் தமிழ் கணனிக்குள் வந்து சேர்ந்தது.

அந்த மாநாடுகளில் பேசியவர்களில் ஒருவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். கேரித் தீவில் பிறந்தவர். கேரித் தீவு என்பது தோட்டத் தீவு. நம்மைப் போன்ற தோட்டத் தமிழர் உழைத்த மண். தந்தை முரசு நெடுமாறன் தமிழ் ஆசிரியர், கவிஞர். மகன் 1985 இல் 'முரசு' என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். கைப்பேசியில் தமிழ் எழுதும் 'செல்லினம்' பின்னர் 2005 இல் வந்தது. அவர் அமைத்த தமிழ் எழுத்துரு அப்பிள் நிறுவனத்தின் கணனிகளிலும் இருக்கிறது. திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால்தான் தமிழ்ப் பக்கம் அமைக்க முடியும். ஆகவே முன்பக்க வேலைக்கு அத்திவாரம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. அருணோத சுசிரிபால என்ற இலங்கையர் 2016 இல் தன் குழுவுடன் 'ஸ்டோரிபுக்' என்ற கருவியை வெளியிட்டார். பக்கத்தின் பொத்தான், படிவம் போன்ற ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே வைத்துப் பார்த்துத் திருத்த அது உதவுகிறது. இலவசமாகத் திறந்து விடப்பட்ட அந்தக் கருவியை இன்று பல நாட்டு டெவலப்பர்கள் பாவிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 2011 இல் தொடங்கிய 'யாழ் ஐ.டி. ஹப்' அமைப்பு, இளைஞர்கள் தாம் செய்ததை மேடையில் விளக்கும் போட்டிகளை நடத்தி வந்திருக்கிறது.

பாடம் 4: எப்படித் தொடங்குவது?

வாசிக்க, எழுத, தர்க்கமாக யோசிக்கத் தெரிந்த பிள்ளை தொடங்கலாம். பட்டம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் செய்து காட்டிய வேலையைப் பார்த்து எடுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் மூன்று மாதத்தில் வேலை என்று நம்பவேண்டாம். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒரு வருடமாவது எடுக்கும். போனில் பாடம் பார்க்கலாம், ஆனால் பழகுவதற்குக் கணனி வேண்டும். பழைய மடிக்கணனி போதும். வீட்டில் இல்லாவிட்டால் பாடசாலையிலோ நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள்.

இலவசமாகப் படிக்க வழி இருக்கிறது. 'பிரீ கோட் கேம்ப்' என்ற இணையத்தளம் 2014 முதல் காசு வாங்காமல் கற்பிக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் இணைய வழியில் இலவசப் பாடநெறிகளை நடத்துகிறது. சான்றிதழ் வேண்டுமானால் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் விசாரியுங்கள். தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் எந்த மட்டம் கிடைக்கும் என்று கேளுங்கள்.

படித்ததும் சும்மா இருக்கக்கூடாது. மூன்று பக்கமாவது செய்து வைக்கவேண்டும். கோயில் திருவிழாவுக்கு ஒன்று, தோட்டப் பாடசாலைக்கு ஒன்று, சந்தியிலுள்ள கடைக்கு ஒன்று என்று இருக்கலாம். வேலைக்குப் போகும்போது அவையே சாட்சி.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நிமிடத்தில் ஒரு பக்கத்தை எழுதித் தந்துவிடுகின்றன. "அப்ப எங்க புள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாதாரண வேலைகள் குறையக்கூடும். ஆனால் அந்தக் கருவி சமையல் அம்மாவின் பழைய போனை வாங்கிப் பார்க்காது. இது யாருக்குச் சரிவரும், யாருக்குச் சரிவராது, ஏன் என்று விளங்கி எடுத்துச் சொல்லும் ஆள் இன்னும் தேவை. ஆகவே பேசப் பழகுவது முன்பை விட முக்கியமாகிறது.

மாநாட்டில் பேச என்ன செய்யவேண்டும்?

மாநாடு நடத்துபவர்கள் சில மாதம் முன்பே பேச்சாளர்களை அழைத்து அறிவித்தல் போடுவார்கள். பேச்சின் தலைப்பும், என்ன சொல்லப் போகிறோம் என்ற சுருக்கமும் அனுப்பவேண்டும். ஐந்து நிமிடச் சிறு பேச்சுகளும் உண்டு. புதியவர்கள் அதில் தொடங்கலாம். சில மாநாடுகள் பயணச் செலவு தரும், சில தராது. ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேட்பதில் வெட்கமில்லை.

பேச்சுக்கு நாம் கல்குடாவில் பழகிய ஒழுங்கு இது. என்ன சிக்கல் வந்தது? முதலில் என்ன செய்து பிழைத்தது? பிறகு எப்படிச் சரிவந்தது? கேட்பவர் நாளைக்கே என்ன செய்து பார்க்கலாம்? இந்த நான்கையும் சொன்னால் போதும். பிழையை மறைக்கவேண்டாம். சனம் ஆகக் கூடுதலாகக் காது கொடுத்துக் கேட்பது அந்த இடத்தைத்தான்.

பெற்றோர் கவனத்திற்கு

1. பயிற்சி நிலையத்துக்குக் காசு கட்டுமுன், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று இலக்கத்தைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள்.

2. "படிப்பு முடிஞ்சதும் வேலை நிச்சயம்" என்று சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

3. கணனி வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி வெளிநாட்டுக்குக் கூப்பிடுபவர்களிடம் கவனம். அண்மைய வருடங்களில் அப்படிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பவேண்டாம். வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குப் பேசி விசாரித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

4. பெண் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். கல்குடாவில் முழுப் பத்து நிமிடமும் நிமிர்ந்து நின்று பேசியது ஒரு மகள்தான்.

வீட்டில் செய்து பார்க்க

இன்று இரவு சாப்பிட்ட பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்னைக்கு என்ன படிச்ச, எங்களுக்கு விளங்குற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு தாய் ஒரு கேள்வி, தகப்பன் ஒரு கேள்வி கேளுங்கள். "இதுகூட தெரியாதா?" என்று பிள்ளை சலித்துக்கொண்டால், விளங்க வைப்பதும் படிப்புதான் என்று சொல்லுங்கள். கிழமைக்கு இரண்டு நாள் இப்படிச் செய்தால் ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த மகளிடம், "முதல் நாள் ஏம்மா எழும்பல்ல?" என்று கேட்டோம். "எங்க வீட்டுல யாரும் என்னை இப்படி நிக்க வச்சு கேட்டதில்ல சார்" என்றாள். யாரையும் குறை சொல்லி அவள் அப்படிச் சொல்லவில்லை. காலையில் மலைக்குப் போய் இருட்டிய பிறகு வரும் தாய்க்கு நேரம் எங்கே? இருந்தாலும் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். கணனி வாங்கும் வரை அதற்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. உங்கள் பிள்ளையின் முதல் மேடை உங்கள் வீட்டு இஸ்தோப்புத்தான்.